வரவுத் தாளில் ஒரு கைநாட்டு

யுத்த காலத்தில் ஒரு புரட்டாதி மாதம். மாரி இன்னும் தொடங்கவில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, நாங்கள் படுவான்கரை என்று சொல்லும் பக்கத்தில், வாவியை ஒட்டிய ஒரு சின்னக் கிராமத்தில் இது நடந்தது. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இறுதி ஆண்டு.

எங்கள் ஊர் களுதாவளை. அப்பா வெற்றிலைத் தோட்டத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் அள்ளி ஊற்றியே முதுகு வளைந்தவர். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. வீட்டில் தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்த முதல் ஆள் நான்தான். பல்கலைக்கழக அனுமதிப் படிவத்தில் அம்மா பெருவிரல் வைத்த இடத்தில் மை கொஞ்சம் பரவிவிட்டது. கந்தோரில் இருந்தவர் அதைப் பார்த்து முகம் சுளித்ததை நான் மறக்கவில்லை. அதனாலோ என்னவோ, படிவம் என்றால் எனக்கு ஒரு பக்தி. எல்லாக் கட்டங்களும் நிரம்பினால்தான் ஒரு வேலை முடிந்தது என்று நினைக்கிற ஆள் நான்.

அந்த ஆண்டு எங்களுக்கு ஒருங்கிணைந்த நீர்வள முகாமைத்துவம் என்று புதிதாக ஒரு பாடம் வந்தது. பெயர்தான் நீளம், சொல்ல வந்தது எளிது. குளம், வாய்க்கால், வாவி, கிணறு என்று தண்ணீரைத் துண்டு துண்டாகப் பார்க்காதே. அதைப் பயன்படுத்துகிற எல்லோரையும் ஒரே இடத்தில் இருத்திப் பேசவிடு. வகுப்பில் கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. வாவிக்கு எங்கள் கரையில் ஆமி, படுவான்கரையில் இயக்கம், நடுவில் தண்ணீர். அதை எப்படி ஒருங்கிணைப்பது என்று வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பயிற்சிக்காக ஒவ்வொருவரும் ஓர் இடத்தைத் தெரிவுசெய்து உப்பளவு எடுத்து, அங்குள்ள மக்களைக் கூட்டி ஒரு கூட்டம் வைத்து, அறிக்கை கொடுக்க வேண்டும். அறிக்கையோடு இணைப்பு நான்கு என்று ஒரு வரவுத் தாள். பெயர், கிராமம், தொழில், ஆணா பெண்ணா, அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். வெளியிலிருந்து வந்த படிவம், எங்கள் விரிவுரையாளர் தமிழாக்கியிருந்தார். வரவுத் தாள் இல்லாத அறிக்கை ஏற்கப்படாது என்று அடியில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்குக் கீழே நான் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன்.

நான் எடுத்த இடத்தில் ஒரு வாய்க்கால் வாவியில் விழுகிறது. அதன் வாயில் ஒரு மண்கட்டு. அந்தக் கட்டு இருந்தால் உப்புத்தண்ணீர் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், ஏறாது. கட்டை உடைத்தால் றால், அதாவது இறால், உள்ளே வரும். ஒவ்வொரு ஆண்டும் கட்டு உடைகிறது, நெல் கருகுகிறது. றால் பிடிக்கிறவர்கள்தான் உடைக்கிறார்கள் என்று வயல்காரர் சொன்னார்கள். றால் பிடிக்கிறவர்கள் எதுவும் சொல்வதில்லை.

அங்கே போவதே ஒரு நாள் வேலை. சைக்கிளில் துறைக்குப் போய், அங்கே ஆமிக் காவலரணில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, 'பாதை' என்று நாங்கள் சொல்கிற மிதவையில் சைக்கிளோடு ஏறி அக்கரைக்குப் போகவேண்டும். அக்கரையிலும் கேள்விகள் உண்டு. பிறகு ஐந்தாறு மைல் புழுதி. திரும்பும்போது மறுபடி அதே வரிசை. முதல் தடவை திரும்பி வரும்போது என் பையில் ஆறு போத்தல் தண்ணீர். இதில் என்ன என்று சிப்பாய் கேட்டான். வாவித் தண்ணீர், சோதிக்கக் கொண்டுபோகிறேன் என்றேன். குடித்துக் காட்டச் சொன்னான். மூன்றாவது போத்தலில் ஒரு மிடறு குடித்தேன். அதன் உப்பளவைக் கருவி இல்லாமலே அறிந்துகொண்ட ஆள் எங்கள் வகுப்பில் நான் மட்டும்தான். நான் முகத்தைச் சுளிக்க அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். சிரிக்காமல் அங்கே நிற்க முடியாது.

நான்காவது பயணத்தில் கூட்டம். கூரையில் பாதி ஓடு இல்லாத பள்ளிக்கூடத்தில் இருபது பேர் வந்தார்கள். கூட்டியவர் வட்டை விதானை. வயலுக்குத் தண்ணீர் விடுவது, கட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எல்லோரும் அவரை விதானை என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படித்தான். அவருடைய பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு மணித்தியாலம் வயல்காரர்களே பேசினார்கள். பின்னால், கதவடியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். சேலைக் கரை முழங்கால்வரை நனைந்திருந்தது, கையில் ஒரு பனையோலைப் பெட்டி. வாய்க்கால் வாயில் கைவலை போட்டு றால் பிடிக்கிறவர். அன்றாடம் பாதையில் எங்கள் கரைக்கு வந்து காத்தான்குடி வியாபாரி ஒருவருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புவார். நான்தான் போன பயணத்தில் அவரைக் கண்டு, நீங்களும் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லிவைத்திருந்தேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று இப்போது கேட்டேன். அவர் விதானையைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"கட்ட நாங்க உடைக்கிறல்ல மனே. மாரியில வெள்ளம் வட்டைக்க நிண்டா இவங்கதான் உடைச்சு விடுறவங்க. மறுகா அடைக்கிறதுக்கு ஒருத்தரும் வாறல்ல. தையில உப்பு ஏறக்குள்ள எங்கட தலையில போடுறது."

வயல்காரர்கள் விதானையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் மட்டும், "சொல்லுறாள்தானே, மெய்தானே," என்று முணுமுணுத்தார். இரண்டு பேர் சிரித்தார்கள். விதானை தலையைச் சொறிந்துகொண்டு, அடைப்பதற்கு ஒரு முறை வைத்தால் சரிவரும் என்றார். எந்த மாதம் உடைப்பது, எத்தனை நாளில் அடைப்பது, அடைக்க யார் யார் வருவது என்று பேச்சு நகர்ந்தது. நான் கை வலிக்க எழுதினேன். புத்தகத்தில் படித்தது என் கண்முன் நடக்கிறது என்று நினைத்தேன். உண்மையில் நடந்ததும்தான். அந்த ஒரு மணித்தியாலத்தை நான் இன்றும் பொய் என்று சொல்லமாட்டேன்.

பிறகு வரவுத் தாளை எடுத்தேன்.

இது எங்கே போகும் என்று ஒருவர் கேட்டார். பல்கலைக்கழகத்துக்கு என்றேன். தாள் மேசையில் கிடந்தது. விதானை அதை எடுத்து, நீளப் பார்த்துவிட்டு, பேனாவை வாங்கி முதலில் எழுதினார். அதன்பின் தாள் கை மாறி மாறிப் போனது. யாரும் தயங்கவில்லை. எனக்குப் பெரிய ஆறுதல்.

கடைசியில் தாள் கதவடிக்கு வந்தது. அந்தப் பெண் தொடாமல் நின்றார். தனக்கு எழுத்துத் தெரியாது என்றார். விதானை எழும்பி வந்தார். "அவள் என்னத்துக்குத் தம்பி, அவள் கூட்டத்துக்கு வந்தவளில்ல, றால் விக்கப் போற வழியில நிண்டவள்," என்றார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ போ புள்ள, பாதை போயிரும்," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அன்றைய கூட்டத்தில் உண்மை பேசியவர் அந்தப் பெண் ஒருவர்தான். வயல்காரரைப் பற்றிச் சொல்லிவிட்டார் என்பதற்காக விதானை அவரைக் கணக்கிலிருந்தே எடுக்கப்பார்க்கிறார் என்று நினைத்தேன். தாளில் பெண் என்று வேறு அதுவரை ஒருவரும் இல்லை. விதானை இரண்டாம் முறையும், "வேணாம் தம்பி, விடுங்க," என்றார். நான் விடவில்லை. எல்லோரும் சமம், இவருடைய பெயரும் இருக்கத்தான் வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக்கே கேட்கும்படி சொன்னேன்.

அந்தப் பெண் தன் பெயரைச் சொன்னார். என் கையாலேயே எழுதினேன், கொஞ்சம் அழகாகவே. அடையாள அட்டையைப் பொலித்தீன் உறையிலிருந்து எடுத்துத் தந்தார். இலக்கத்தையும் பார்த்து எழுதினேன். மைப்பெட்டி கொண்டுபோயிருந்தேன். அவர் பெருவிரலைச் சேலையில் துடைத்தார். ஈரம். நான் என் கைக்குட்டையால் மறுபடி துடைத்து, விரலைப் பிடித்து, மையில் ஒற்றி, தாளில் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் உருட்டினேன். பரவாமல், கோடு கோடாக, அச்சுப் போல விழுந்தது. அம்மாவின் கைநாட்டு இப்படி விழவில்லையே என்று நினைத்தேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பின்னேரம் பாதையில் திரும்பி வரும்போது அந்தத் தாளை இரண்டு மூன்று தடவை எடுத்துப் படித்தேன். இறங்கியதும் காவலரண். அன்றைக்குப் புதியவன் ஒருவன் நின்றான். போத்தல்களைக் கவனிக்கவில்லை, கடதாசிகளை எடுத்தான். வாய்க்கால் வரைபடம், உப்பளவு எழுதிய கொப்பி, வரவுத் தாள். உள்ளே கொண்டுபோனான். என்னை ஒரு வாங்கில் இருத்தினார்கள். கொஞ்சம் தமிழ் தெரிந்த அதிகாரி வந்து, "அந்தப் பக்கம் கூட்டம் யாரு வெச்சது? இவங்க எல்லாம் யாரு?" என்று கேட்டார். பல்கலைக்கழகக் கடிதத்தைக் காட்டினேன். விவசாயம், றால், உப்பு என்று சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டது. இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு வரைபடமும் கொப்பியும் திரும்பி வந்தன. தாள் வரவில்லை. கேட்டேன். அவர் மேசை இழுப்பறையை, எங்கள் பேச்சில் லாச்சியை, தட்டிக் காட்டி, அது இங்கே இருக்கட்டும் என்றார்.

சைக்கிளை எடுத்தபோது எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். இணைப்பு நான்கு போய்விட்டது, இனி அறிக்கையை ஏற்பார்களா என்றுதான் தோன்றியது. காத்தான்குடிக் கடைகளைத் தாண்டி, தெருவில் சனம் நெருங்கி, நான் இறங்கி உருட்டிக்கொண்டு நடந்தபோதுதான் மற்றது உறைத்தது. இயக்கத்தின் பக்கம் நடந்த ஒரு கூட்டத்துக்கு வந்த இருபது பேரின் பெயர், ஊர், இலக்கம். அதை நானே எழுதுவித்து, நானே சுமந்து வந்து, ஆமியின் லாச்சியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இந்த இருபது பேரில் யார் நாளைக்குப் பாதையில் வந்து இறங்கினாலும், அட்டையை வாங்கி அந்தத் தாளோடு ஒப்பிட்டால் போதும்.

அடுத்த நாளே விரிவுரையாளரிடம் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இலக்கமும் எழுதினாயா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஓம் என்றேன். திட்டவில்லை. அந்தப் படிவத்தைத் தமிழாக்கும்போது தனக்கும் தோன்றவில்லை என்று மட்டும் சொன்னார். அவர் அதைச் சொன்ன விதத்தில் இருந்த களைப்பு எனக்குத் திட்டைவிடப் பாரமாக இருந்தது.

உடனே போய்ச் சொல்லலாம் என்றால் வழியில்லை. அந்தக் கிழமையே அக்கரையில் ஷெல் அடி தொடங்கி, அக்கரை ஆட்களைத் தவிர வேறு ஒருவரையும் பாதையில் ஏறவிடவில்லை. பிறகு மாரி. வாவி நிறைந்து கலங்கல் நிறமாக ஓடியது. அக்கரையிலிருந்து யாராவது பிடிபட்டார்களா என்று ஆட்களிடம் மெல்லக் கேட்பேன். அதிகம் கேட்டாலும் பிழை. சாப்பாட்டுக் கோப்பையின் முன் இருந்துகொண்டு சோற்றைக் கிளறுவேன். அம்மா, பரீட்சை வருகிறதென்று யோசிக்கிறேனாக்கும் என்று நினைத்து, பேசாமல் முட்டை ஒன்று கூடப் பொரித்து வைப்பார். நான் அவருடைய பெருவிரலைப் பார்ப்பேன்.

தை பிறந்து வெளியாட்களையும் பாதையில் ஏறவிட்ட முதல் கிழமையில் போனேன். கையில் ஒரு கடதாசித் துண்டுகூட இல்லை. விதானை வாய்க்கால் வாயில் நின்றார். நாலைந்து பேர் மண்கட்டை அடைத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் பேசியபடி, வெள்ளம் வடிந்ததும் அடைக்கிறார்கள். வேறொரு நாள் என்றால் எனக்குப் பெருமையாக இருந்திருக்கும்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மண்வெட்டிப் பிடியில் நாடியை ஊன்றிக்கொண்டு கேட்டார். "அந்தத் தாளில ஆர்ர ஆர்ர பேர் இருந்திச்சு, ஞாபகம் இருக்கா?" என்றார். முதல் பெயரையும், இன்னும் மூன்று நாலையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. சந்தோஷச் சிரிப்பல்ல, வேலை முடிந்து உட்காரும்போது வருமே, அப்படி.

"முதல் சொன்ன பேர் என்ட பெரியப்பா. செத்துப் பதினாறு வருஷம். மற்றது பாம்பு கடிச்சுச் செத்தவன். அங்கால ரெண்டும் நாங்க இடம்பெயரக்குள்ள காட்டுக்க விட்டுட்டு வந்த ஆக்கள். உசிரோட இருக்கிறவன்ட பேர ஆர் தம்பி கடதாசியில எழுதுவான்?"

இலக்கங்களும் கையில் வந்தபடி போட்டவைதானாம். முன்னே எழுதுகிறவர் செத்தவர் பெயரை எழுதினால் பின்னால் வருகிறவனுக்கு விளங்கிவிடும். யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இதற்கு முன்னும் எத்தனையோ தாள்கள் வந்திருக்கின்றன என்றார்.

நான் வரப்பில் அப்படியே இருந்துவிட்டேன். மூன்று மாதப் பாரம் இறங்கியது. ஆனால் விதானையின் சிரிப்பு முடிந்துவிட்டிருந்தது. அவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கைவலை போடும் இடத்தில் ஒருவரும் இல்லை.

"அவள்ட பேர் மட்டும்தான் மெய்," என்றார். "எழுதத் தெரிஞ்சவன் பொய் எழுதலாம். அவளுக்கு நீங்கதானே எழுதினீங்க."

தாள் பறிபோன கதை, அன்று எனக்குப் பின்னால் பாதையில் வந்தவர்கள் மூலம் அடுத்த நாளே ஊருக்குப் போய்விட்டதாம். அன்றிலிருந்து அந்தப் பெண் பாதையில் ஏறவில்லை. ஏறாவிட்டால் றாலை விற்க வழியில்லை. மாரியும் அதை ஒட்டிய மாதங்களும்தான் அவருக்கு ஆண்டு முழுவதற்குமான உழைப்பு. படுவான்கரையிலேயே உள்ளே தள்ளி இருக்கும் கரடியனாற்றில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் கரடியனாற்றுக்குப் போனேன். யாரோ ஒருவரின் வயலில் கூலிக்குப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்து, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "படிச்ச புள்ள வந்திருக்கிறார், எழும்புங்ககா," என்று பக்கத்திலிருந்த பெண்களிடம் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். என்னால்தான் எல்லாம் என்று மட்டும் சொன்னேன். அவர் வரப்பில் வந்து இருந்தார். விரல்களெல்லாம் சேறு.

கோபமில்லை என்றார். தண்ணீரைப் பற்றித் தன்னிடம் அதுவரை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை, நான் கேட்டேன் என்றுதான் வந்தாராம். கட்டை அடைக்கிறார்களா என்று விசாரித்தார். அடைக்கிறார்கள் என்றேன். "பாத்தீங்களா," என்றார். அடுத்த முறை தாள் கொண்டுவருகிறவனுக்குச் சொல்லவென்று தனக்கும் ஒரு செத்த பேர் பார்த்துவைக்கும்படி விதானையிடம் கேட்கச் சொன்னார். அதற்கும் பெண்கள் சிரித்தார்கள். பிறகு வாய்க்கால் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு, பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார்.

"பேர மாத்திச் சொல்லலாம் மனே. இத என்ன செய்யிற?"



அறிக்கையை இணைப்பு நான்கு இல்லாமலே கொடுத்தேன். விரிவுரையாளர் சாட்டுக்கு வேறொரு தாள் எழுதி வைக்கலாம் என்றார், நான் மறுத்துவிட்டேன். புள்ளி குறைந்தது. ஆனாலும் சித்தியடைந்தேன், பட்டமும் கிடைத்தது. அம்மா அந்தச் சான்றிதழைச் சுவரில் மாட்டினார். அடுத்த மாரிக்கு அந்தப் பெண் ஊருக்குத் திரும்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பாதையில் மட்டும் ஏறுவதில்லையாம். றாலை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு, அவள் கொண்டுவந்து தருவதை வாங்கிக்கொள்கிறாராம்.

இப்போது நான் தண்ணீர் சம்பந்தமான ஒரு வேலையில்தான் இருக்கிறேன். கூட்டங்கள் வைக்கிறேன். படிவங்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வந்த ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை என்று தலையை எண்ணி எழுதுகிறேன். பெயர் எங்கே என்று மேலே இருந்து கேட்டால், கேட்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். அந்தத் துறையில் காவலரண் இன்று இல்லை. லாச்சியில் இருந்த தாள் கரையானுக்குப் போயிருக்கலாம், இன்னும் எங்காவது ஒரு கோப்புக்குள் இருக்கவும் கூடும். இருந்தால், அதில் பத்தொன்பது இறந்தவர்களுக்குக் கீழே உயிரோடு இருக்கிற ஒரே ஒருவர் இருப்பார். அவருடைய பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு தடவை என் கையால் எழுதியதே அவர் ஆயுளுக்குப் போதும் என்பதால் இங்கே எழுதவில்லை.